முடக்குவாதம்: பக்கத்து டாக்டரா, எலும்பு டாக்டரா, ரூமட்டாலஜிஸ்டா?

விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. காலையில் எழுந்தால் கை மடங்கவில்லை, தோசைக் கரண்டியைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் போனபின் கொஞ்சம் இளகுகிறது. இப்படியே நாலைந்து வாரம் ஆகிவிட்டது. யாரிடம் போவது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். தெருமுனை கிளினிக், எலும்பு டாக்டர், எம்.டி. படித்த பொது மருத்துவர், அரசு ஆஸ்பத்திரி, சித்த வைத்தியர், ரூமட்டாலஜிஸ்ட் என்ற வாதநோய் நிபுணர். பெரும்பாலானவர்கள் இதில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறார்கள். கடைசியில் சரியான இடத்துக்கு வந்து சேரும்போது ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் போயிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது முடக்குவாதம்தானா (ஆங்கிலத்தில் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) என்று உறுதிசெய்வதும், சிகிச்சையின் முதல் ஆறு மாதமும் ரூமட்டாலஜிஸ்ட் கையில் இருக்க வேண்டும். நோய் அடங்கியபின் வழக்கமான கவனிப்பை ஊரிலேயே உள்ள ஒரு நல்ல பொது மருத்துவரிடம் வைத்துக்கொள்ளலாம். ஏன் இந்த வரிசை என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

என் அக்காவுக்கு இந்த நோய் வந்து பல வருடமாகிறது. அக்காவோடு ஆஸ்பத்திரிகளில் காத்திருந்தபோது பார்த்ததையும், இதைப் பற்றித் தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நாள் கடத்தினால் என்ன ஆகும்

முடக்குவாதம் வயதானால் வரும் தேய்மானம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்தில் உள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும். பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே எக்ஸ்ரேயில் அந்த அரிப்பு தெரிந்துவிடுகிறது. அரித்த எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. அரிப்பதற்கு முன்னால் நிறுத்த மருந்து உண்டு, அதுவும் விலை குறைந்த மருந்து. தாமதத்தை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதனால்தான்.

ஐரோப்பாவின் வாதநோய் மருத்துவர்கள் கூட்டமைப்பான யூலார் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. மூட்டு வீக்கம் தொடங்கிய 6 வாரத்துக்குள் ரூமட்டாலஜிஸ்ட் பார்த்திருக்க வேண்டும். நோய் நிலைத்துவிடும் என்று தெரிந்தவர்களுக்கு 3 மாதத்துக்குள் நோயை அடக்கும் மருந்து தொடங்கியிருக்க வேண்டும். நடைமுறையில் இது வசதியான நாடுகளிலேயே நடப்பதில்லை. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2009இல் கொடுத்த அறிக்கையில், முடக்குவாத நோயாளிகள் சராசரியாக நான்கு முறை குடும்ப டாக்டரிடம் போன பிறகுதான் நிபுணரிடம் அனுப்பப்படுகிறார்கள் என்று சொல்லியிருந்தது. அங்கே குடும்ப டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் நிபுணரைப் பார்க்க முடியும். நமக்கு அந்தக் கட்டு இல்லை, நேராகவே போகலாம். ஆனால் எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததால் அந்த வசதி வீணாகிறது.

பக்கத்து கிளினிக்

இங்கே இருக்கும் பலம் பெரியது. டாக்டருக்கு உங்களைத் தெரியும், வீட்டைத் தெரியும், சர்க்கரையும் பிரஷரும் எவ்வளவு என்று தெரியும். சாயங்காலம் போனால் உடனே பார்க்கலாம், செலவும் கம்மி. காய்ச்சலோ இருமலோ வந்தால் ஓடுவதற்கும் அவர்தான்.

முடக்குவாதத்தைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு இருக்கும் சிக்கல் எண்ணிக்கை சார்ந்தது. 1993இல் டெல்லிக்கு அருகே கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பில், வயதுவந்தவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆனால் மூட்டு வலி என்று கிளினிக்குக்கு வருகிறவர்கள் தினமும் உண்டு. முழங்கால் தேய்மானம், சர்க்கரையால் இறுகிய தோள், சிக்குன்குனியா விட்டுப்போன வலி, கழுத்து எலும்புப் பிடிப்பு. 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைச் சுற்றியடித்த பிறகு இது இன்னும் குழம்பியது. அந்தக் காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டு வீக்கம் அச்சு அசலாக முடக்குவாதம் போலவே இருக்கும், மாதக்கணக்கிலும் நீடிக்கும். இத்தனை பேருக்கு நடுவில் அந்த ஒருவரைப் பிரித்தெடுக்க வேண்டும், அதுவும் மூன்று நிமிடத்தில். அதனால் இதை அவரது திறமைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளி தரப்பில் விளைவு ஒன்றுதான்.

கண்டுபிடிக்க உதவும் விஷயங்கள் எளிமையானவை. தேய்மானத்தில் காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விலகும், வலி நடக்க நடக்கக் கூடும். முடக்குவாதத்தில் இறுக்கம் அதற்கு மேல் நீடிக்கும், அசைய அசையக் குறையும். தேய்மானம் விரல் நுனிக்குப் பக்கத்து மூட்டைப் பிடிக்கும். முடக்குவாதம் அந்த நுனி மூட்டை விட்டுவிட்டு, விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளையும், விரலின் நடு மூட்டையும், மணிக்கட்டையும், பாதத்தின் முன்பகுதியையும் பிடிக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும். கை குலுக்குவது போல நான்கு விரல் முட்டிகளையும் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்தினால் நோயாளி துள்ளுகிறாரா என்று பார்ப்பது ஒரு சோதனை. பத்து வினாடி வேலை. உங்கள் டாக்டர் கையைத் தொட்டு இப்படிப் பார்த்தால், அவருக்கு இந்த நோய் நினைவில் இருக்கிறது என்று அர்த்தம். தொடாமலே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் தடுமாற்றம் பெரும்பாலும் அந்தப் பரிசோதனைச் சீட்டில்தான் ஆரம்பிக்கிறது. லேபில் 'ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்' என்று ஒரு தொகுப்பு வைத்திருப்பார்கள். அதில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.எஸ்.ஓ., யூரிக் ஆசிட், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எல்லாம் இருக்கும். ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்றாலே முடக்குவாதம் என்று நினைத்துவிடுகிறார்கள். காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கும் அது பாசிட்டிவ் ஆகலாம், நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்கும் ஆகலாம். மறுபக்கம், முடக்குவாதம் உள்ளவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்காவது அது நெகட்டிவாகத்தான் வரும். 'நெகட்டிவ், உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள்தான். ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இதைவிட நம்பகமானது. அதுவும் எல்லோருக்கும் பாசிட்டிவ் ஆகாது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: கையிலோ காலிலோ சிறு மூட்டுகள் வீங்கியிருந்தால், ரத்தப் பரிசோதனை நார்மலாக இருந்தாலும் நிபுணரிடம் அவசரமாக அனுப்பு.

ஏ.எஸ்.ஓ. கதை எனக்கு அதிகம் வருத்தம் தருவது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோயிருக்கிறதா என்று காட்டும் பரிசோதனை அது. குழந்தைகளுக்கு வந்து இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலில்தான் அதற்கு முக்கியமாக வேலை. முடக்குவாதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த எண் கூடியிருக்கிறது என்பதற்காக, 35 வயதுப் பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். நோய் தன்பாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கும். அதேபோல யூரிக் ஆசிட் எல்லைக்கு மேல் கொஞ்சம் போனால் போதும், கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிவதால் வரும் வாதம்) மாத்திரை ஆரம்பமாகிவிடும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு கவுட் வருவது அபூர்வம். அந்த வயதில் விரல் முட்டிகள் வீங்கினால் யூரிக் ஆசிட்டைப் பழி சொல்வதற்கு முன் முடக்குவாதத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

இன்னொன்று ஸ்டீராய்டு. ஊசி போட்ட மறுநாள் கை பழையபடி ஆகிவிடும், டாக்டர் கைராசிக்காரர் என்று பேர் வாங்கிவிடுவார். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. மற்ற மருந்துகள் வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை சில வாரங்களுக்குக் குறைந்த அளவில் ரூமட்டாலஜிஸ்டுகளே கொடுக்கிறார்கள், மூன்று மாதத்துக்குள் குறைத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். தனியாக அதை மட்டும் வருடக்கணக்கில் கொடுக்கும்போதுதான் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு பலவீனமாகி, கண்ணில் புரை விழுகிறது. சீட்டில் இருக்கும் மாத்திரை ஸ்டீராய்டா என்று கேட்பதும், எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்பதும் தப்பே இல்லை. தினமும் சில வாரம் சாப்பிட்டுவிட்டால் நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எலும்பு டாக்டர்

மூட்டு என்றால் எலும்பு டாக்டர் என்பது நம் ஊர்ப் பழக்கம். எலும்பு முறிவு, தேய்மானம், மூட்டு மாற்று ஆபரேஷன், அறுந்த தசைநாணைத் தைப்பது, இதிலெல்லாம் அவரைத் தவிர வேறு யாரிடமும் போகத் தேவையில்லை. முடக்குவாதமோ மருந்தால் அடக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி நோய். அவரது பயிற்சியின் மையம் அதுவல்ல. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எக்ஸ்ரே நார்மல் என்றதும் கால்சியமும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்புவது நடக்கிறது. நல்ல எலும்பு டாக்டர் விரல் வீக்கத்தைப் பார்த்ததும், 'இது என் லைன் இல்லை, ரூமட்டாலஜிஸ்டைப் பாருங்கள்' என்று கையோடு பெயர் எழுதிக் கொடுப்பார். அக்காவுக்கு அப்படிச் சொன்னவர் ஒரு எலும்பு டாக்டர்தான். அந்த ஒரு வரிக்காக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறோம்.

எம்.டி. பொது மருத்துவர்

நிபுணர் அல்லாதவர்களில் முடக்குவாதத்தைக் கையாளத் தகுதியானவர் இவர்தான். மூன்று வருட மேற்படிப்பில் இந்த நோயாளிகளை வார்டில் பார்த்திருப்பார். நுரையீரல், சிறுநீரகம், ரத்தம் என்று உடம்பு முழுவதையும் சேர்த்து யோசிக்கப் பழகியவர். முடக்குவாதம் நுரையீரலில் தழும்பு விழச் செய்யும், கண்ணை உலர்த்தும், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும். மூட்டை மட்டும் பார்த்தால் போதாத நோய் இது. மாவட்டத் தலைநகரில் ரூமட்டாலஜிஸ்ட் இல்லாவிட்டாலும் எம்.டி. இருப்பார்.

ஆனால் எம்.டி.க்கு எம்.டி. வித்தியாசம் நிறைய. இதைப் பிரித்தறிய மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை அவர் எப்படிக் கொடுக்கிறார் என்று பார்த்தாலே போதும் என்பது என் அனுபவம்.

முடக்குவாத சிகிச்சையின் அடித்தளம் இந்த மாத்திரை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய 1940களில் அங்கே உருவானது. புற்றுநோய்க்கு வந்த மருந்து, பிறகு மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் வேலை செய்யும் என்று தெரிந்தது. 1988இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு முறைப்படி அனுமதி பெற்றது. இன்று மாத்திரை சில ரூபாய்தான்.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து இது. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்தாகும், அப்படி இறந்தவர்கள் உண்டு. அக்காவின் சீட்டில் டாக்டர் 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அப்படியும் மருந்துக்கடைப் பையன் பழக்கதோஷத்தில் கவர்மேல் 1-0-0, அதாவது தினமும் காலை ஒன்று, என்று எழுதிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துதான் அதை அடித்தோம். அதனால் வாரத்தில் எந்தக் கிழமை என்பதைப் பெயர் சொல்லி எழுதுகிற டாக்டர் என்றால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதியிருப்பார். ஆரம்பிக்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஹெபடைட்டிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே பார்த்திருப்பார். முதல் சில மாதம் சில வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் பார்க்கச் சொல்வார். கல்யாணமான பெண் என்றால் குழந்தைத் திட்டம் என்ன என்று முதலிலேயே கேட்டிருப்பார். இவ்வளவும் செய்கிறவர் என்றால் தாராளமாக நம்பலாம்.

பாதுகாப்பாகக் கொடுக்கத் தெரிந்த சிலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வாரம் 7.5 மில்லிகிராமில் ஆரம்பித்து அங்கேயே வருடக்கணக்காக நின்றுவிடுவது. வலி கொஞ்சம் குறைந்திருக்கும், வீக்கம் விட்டுவிட்டு வரும், வரும்போதெல்லாம் வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ சேர்ப்பார்கள். 'முன்னைக்கு இப்போ பரவாயில்லை' என்று நோயாளியும் சொல்லிவிடுவார். மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் 25 மில்லிகிராம் வரை ஏற்ற இடம் இருக்கிறது. போதாவிட்டால் ஊசியாக மாற்றலாம், சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸி குளோரோகுயின் என்ற வேறு பழைய மருந்துகளைச் சேர்க்கலாம். பரவாயில்லை என்பது இலக்கே இல்லை. வீக்கம் அடியோடு அடங்க வேண்டும், குறைந்தபட்சம் அதற்கு மிக அருகிலாவது வர வேண்டும். மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றாலோ, ஆறு மாதத்தில் இலக்கை எட்டவில்லையென்றாலோ சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பதுதான் இன்றைய முறை.

இது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்த டிகோரா என்ற ஆய்வைச் சொல்ல வேண்டும். 2004இல் வெளியானது. 110 நோயாளிகள், இரண்டு குழு. ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழுவை மாதாமாதம் வரச்சொல்லி, மூட்டுகளை எண்ணி மதிப்பெண் போட்டு, அது குறையாவிட்டால் உடனே மருந்தை ஏற்றினார்கள். பயாலஜிக் என்ற, உயிரணுக்களில் தயாராகும் விலை உயர்ந்த ஊசி மருந்து எதுவும் தரவில்லை, எல்லாம் பழைய மருந்துகள்தான். 18 மாத முடிவில் நோய் அடங்கியவர்கள் முதல் குழுவில் 16 சதவீதம், இரண்டாவது குழுவில் 65 சதவீதம். இரண்டு குழுவையும் பார்த்தது வாதநோய் நிபுணர்கள்தான். எண்ணி, அளந்து, விடாமல் ஏற்றியதுதான் வித்தியாசம். இதைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. இதை ஒரு பொது மருத்துவரும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையும் அப்போதுதான் வந்தது.

ரூமட்டாலஜிஸ்ட்

அக்காவை முதன்முதலாகப் பார்த்த ரூமட்டாலஜிஸ்ட் ரிப்போர்ட் ஃபைலைத் திறக்கவே இல்லை. இரண்டு கையையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார். ஒவ்வொரு விரல் மூட்டையும் தன் இரண்டு கட்டைவிரலால் மேலும் கீழும் அழுத்தி, வலியா, வீக்கமா என்று தனித்தனியாக ஒரு படத்தில் குறித்தார். விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று 28 மூட்டு. எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது, இ.எஸ்.ஆர். எவ்வளவு, அக்காவே தன் நிலைமைக்கு எத்தனை மார்க் போடுவாள், இவையெல்லாம் சேர்ந்து டாஸ் 28 என்ற ஒரு எண். 2.6க்குக் கீழே வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை போனபோது அந்தப் பழைய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் மருந்தை மாற்றினார். 28க்குள் பாதம் வராது, ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லி அதையும் பார்த்தார்.

அவரிடம் மட்டுமே கிடைப்பவை சில உண்டு. பரிசோதனையெல்லாம் நெகட்டிவாக இருந்தும் நோய் இருக்கிறது என்று துணிந்து சொல்வது. லூபஸ் என்ற இன்னொரு எதிர்ப்புச் சக்தி நோய், சொரியாசிஸ் மூட்டுவாதம், சிக்குன்குனியா வீக்கம் ஆகியவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. பழைய மருந்துகள் தோற்றால் பயாலஜிக் அல்லது டோஃபாசிட்டினிப் வகை மாத்திரை தேவையா என்று முடிவுசெய்வது. பயாலஜிக் விலை இன்றும் பாரம்தான். 2014இல் அடலிமுமாப் என்ற பயாலஜிக்கின் உள்நாட்டுப் பதிப்பு வந்தபின் ஓரளவு குறைந்தது. அதை ஆரம்பிக்கும் முன் உள்ளே மறைந்திருக்கும் காசநோயைத் தேட வேண்டும், நம் நாட்டில் இது கட்டாயம். மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாத எல்லோருக்கும் உடனே பயாலஜிக் வேண்டும் என்றும் இல்லை. மேலே சொன்ன பழைய மருந்துகள் மூன்றைச் சேர்த்துக் கொடுப்பது, மெத்தோட்ரெக்ஸேட்டோடு எட்டனர்செப்ட் என்ற பயாலஜிக் ஊசி போடுவதற்குச் சளைத்ததல்ல என்று 2013இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. யாராவது எடுத்த எடுப்பிலேயே லட்சக் கணக்கில் பேசினால், மூன்று மருந்தை முயன்று பார்க்கலாமா என்று கேளுங்கள்.

குறை என்ன? எண்ணிக்கை போதாது, பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி, பஸ் செலவு, துணைக்கு ஒரு ஆள், காத்திருப்பு. திடீரென்று காய்ச்சல் வந்தால் போனில் பிடிக்க முடியாது. சிகிச்சையை நடுவில் விட்டவர்களிடம் பேசினால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதைவிட, போய்வர முடியவில்லை என்பதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

பணம் தடையென்றால் அரசுத் துறைகளை மறக்க வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாதநோய்க்குத் தனித் துறை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தனித் துறைகள் உண்டு, சி.எம்.சி. அரசுடையது இல்லை. அரசு மருத்துவமனையில் கூட்டம் அதிகம், அதிகாலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆனால் அங்கே ஒரே நாளில் பார்க்கும் முடக்குவாத நோயாளிகளை ஒரு தனியார் கிளினிக் ஒரு வருடத்திலும் பார்த்திருக்காது. வசதியான குடும்பமாக இருந்தாலும், நோய் இதுதானா என்ற சந்தேகம் தீரவில்லையென்றால் அங்கே ஒருமுறை காட்டலாம்.

சித்தம், ஆயுர்வேதம்

இதில் நம்பிக்கையுள்ளவர்களை நான் தடுக்க மாட்டேன். பட்டம் பெற்ற, பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள், அவர் கொடுப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக என்று மட்டும் போகாதீர்கள். பேர் இல்லாத பொட்டலத்தில் வரும் சூரணமோ மாத்திரையோ இரண்டே நாளில் வீக்கத்தை வாங்கிவிட்டால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். கல்லீரலைப் பாதிக்கும் பச்சிலை மருந்தை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்தால் சிக்கல் இரட்டிப்பாகும். இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரிடம் பிரித்துக்கொள்வது

எங்களுக்குச் சரிப்பட்டு வந்த வழி இதுதான். ஆரம்பத்தில் ரூமட்டாலஜிஸ்டிடம் அடிக்கடி போனோம். நோய் அடங்கியபின் அவரே இடைவெளியைக் கூட்டினார். ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, பிரஷர், காய்ச்சல், தடுப்பூசி எல்லாம் ஊரில் உள்ள எம்.டி. பார்க்கிறார். ஒரே நோட்டில் இரண்டு பேரும் எழுதுகிறார்கள். மருந்தை ஏற்றுவது, மாற்றுவது, நிறுத்துவது ரூமட்டாலஜிஸ்ட். அளந்து பார்த்துத் தகவல் சொல்வது எம்.டி.

இது நன்றாக நடக்க உள்ளூர் டாக்டரிடம் சில விஷயங்களை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குச் சர்வசாதாரணமாக எழுதும் கோ-ட்ரைமாக்ஸசோல், பலருக்கு செப்ட்ரான் என்று சொன்னால் தெரியும், மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழலாம். அவசரத்தில் எந்த டாக்டர் வேண்டுமானாலும் இதை எழுதிவிட வாய்ப்பு உண்டு. அதனால் எங்கே போனாலும் 'நான் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன்' என்பதுதான் அக்கா சொல்லும் முதல் வாக்கியம், பல் டாக்டரிடம்கூட. கடும் காய்ச்சல், வாய்ப்புண், மூச்சு வாங்கும் வறட்டு இருமல், நிற்காத வாந்தி பேதி வந்தால் அந்த வார மாத்திரையைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும். ஹைட்ராக்ஸி குளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் ஆரம்பத்தில் ஒருமுறையும், ஐந்து வருடம் கடந்தபின் வருடா வருடமும் கண் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். வலி மாத்திரையை கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், சிறுநீரகம் கெட்டால் மெத்தோட்ரெக்ஸேட் உடம்பிலேயே தங்கிவிடும்.

உங்கள் நிலைமைக்கு எது

வீக்கம் தொடங்கி சில வாரமே ஆகிறது, இன்னும் பெயர் வைக்கவில்லை என்றால் நேராக ரூமட்டாலஜிஸ்ட். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஆனாலும் இந்த ஒரு பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். உடனே போக முடியாதென்றால் எம்.டி.யிடம் காட்டி, ஆன்டி சி.சி.பி.யும் அடிப்படைப் பரிசோதனைகளும் எடுத்து, அதற்குள் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். வீங்கியிருக்கும் நாளில் கையை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் போகிற அன்று பார்த்து வீக்கம் வடிந்திருக்கும்.

பல வருடமாக மருந்தில் அமைதியாக இருக்கிறீர்கள் என்றால் எம்.டி. போதும், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ரூமட்டாலஜிஸ்டிடம் காட்டினால் சரி. வருடக்கணக்காக ஒரே அளவு மாத்திரை, அதோடு தினமும் ஸ்டீராய்டு, இன்னும் காலை இறுக்கம் என்றிருந்தால் நீங்கள் அமைதியாக இல்லை. அந்த டாக்டர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் இன்னொரு கருத்து கேளுங்கள்.

குழந்தை பெற நினைக்கும் பெண்களுக்கு இதில் பேச்சே இல்லை, கருத்தரிக்கும் முன்பே ரூமட்டாலஜிஸ்டைப் பார்க்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டை ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும். லெஃப்ளூனமைட் என்ற இன்னொரு முடக்குவாத மாத்திரை இன்னும் நீண்ட காலம் உடம்பில் தங்கும், அதை வெளியேற்றவே தனி மருந்து கொடுப்பார்கள். சல்ஃபாசலசினும் ஹைட்ராக்ஸி குளோரோகுயினும் கர்ப்பத்திலும் தொடரக்கூடியவை. அதனால் குழந்தையா, மருந்தா என்று பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மாமியார் வீட்டில் இந்த நோயைச் சொல்லாமல், மருந்தை ஒளித்து வைத்துச் சாப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கர்ப்பம் திடீரென்று நிகழ்ந்தால் அன்றே டாக்டரிடம் பேச ஒரு வழி இருக்க வேண்டும்.

விரல் ஏற்கெனவே கோணிவிட்டது, முழங்கால் போய்விட்டது என்றால் எலும்பு டாக்டரும் ரூமட்டாலஜிஸ்டும் இருவருமே தேவை. நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆபரேஷன் செய்தால் பலன் குறையும், அதனால் முதலில் அடக்கிவிட்டுத்தான் செய்வார்கள். ரொம்ப வருடமாக நோய் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகள் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எந்த ஆபரேஷனாக இருந்தாலும், கண்ணோ கர்ப்பப்பையோ எதுவானாலும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முடக்குவாதம் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, கழுத்துக்கு எக்ஸ்ரே தேவையா என்று கேட்டுவிடுங்கள்.